யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?

ஏப்ரல் 3

அருமைத் தம்பிக்கு,

நானும் அத்தானும் சுகம். உன் சுகத்தைப் பற்றி நீயாக எழுதமாட்டாய், ஆகவே கேட்கிறேன்: வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா? போனில் கேட்டால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். பேனாவைப் பிடித்தால்தான் உனக்கு வாய் திறக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே ஒரு சேதி. போன வாரம் எரிவாயுக் கம்பெனி ஆட்கள் வந்து நம் தெருவை அளந்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் மஞ்சள் பெயிண்டில் ஓர் எண். என் மருந்துக்கடை ஷட்டரிலும் கேட்காமல் கொள்ளாமல் ஒன்று. கரையில் இருக்கும் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அதைவிடப் பெரிதாக இன்னொன்று கட்டப் போகிறார்களாம். அதற்கு நம் தெரு முழுவதும் வேண்டுமாம். இருக்கிற ஒன்றின் புகைபோக்கியிலேயே நெருப்பு அணைவதில்லை; என் கடையில் அதிகம் விற்பது மூச்சிரைப்பு மருந்துதான். வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று சந்தோஷப்படவா முடியும்?

அத்தான் தெருக்காரர்களைக் கூட்டிச் சங்கம் ஆரம்பித்துவிட்டார். ஒயரிங் வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் ஸ்விட்சைத் தொங்க விட்டுவிட்டு இதையே பேசுகிறார். "உன் தம்பி உலக நாடுகளோட உக்காந்து வானிலை மாறுறதப் பத்திப் பேசுறானே, நம்ம தெருவப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டானா?" என்று என்னைத் துளைக்கிறார். பேசுவாயா?

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அக்கா

ஏப்ரல் 21

அன்பு அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். குளிர்தான் எலும்புவரை போகிறது. அத்தானுக்கும் உனக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

நம் தெருவின் பெயரை இங்கே யாரும் உச்சரிக்கப் போவதில்லை. ஆனால் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். புதிய எரிவாயு நிலையம் கட்ட உலகத்து வங்கிகள் கடன் தரக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. கடன் இல்லாவிட்டால் கம்பெனி கட்டாது, திட்டம் படுத்துவிடும். நம்மைப்போன்ற சின்ன நாடுகள் அந்த வரி வேண்டும் என்கின்றன, எண்ணெய் விற்கிற நாடுகள் கூடாது என்கின்றன. முடிவாகாததை இவர்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பது வழக்கம். நம் வரி இப்போது அதற்குள் இருக்கிறது. நவம்பர் கடைசியில் பெரிய கூட்டம். அன்று அந்த வரி அடைப்புக்குறியைவிட்டு வெளியே வந்து நிற்கும், இல்லையென்றால் அதை அடித்துவிடுவார்கள்.

ஓட்டெடுப்பு கிடையாது அக்கா. தலைவர் ஒவ்வொரு பத்தியாகச் சொல்லி, "யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்பார். ஆட்சேபணை இருந்தால், மேசைமேல் படுக்க வைத்திருக்கும் நாட்டுப் பெயர்ப் பலகையை நிமிர்த்தி வைக்கவேண்டும். யாரும் நிமிர்த்தாவிட்டால் சுத்தியலைத் தட்டுவார், முடிந்தது. ஒரே ஒரு நாடு நிமிர்த்தினாலும் சுத்தியல் விழாது. வாயில்லாப் பூச்சிக்குத் தோதான வேலை என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நம் நாட்டுக்காக அந்த அறையில் உட்காருவது நான் ஒருவன்தான்.

ஒரு வேடிக்கை. நம் அரசாங்கத்திலிருந்து வந்தவர்கள் மூன்றே பேர். ஆனால் நம் நாட்டின் பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு வேன் நிறையப் பேர் திரிகிறார்கள். கேட்டால் "ஆலோசகர்கள்". எல்லோரும் எரிவாயுக் கம்பெனியின் சம்பளக்காரர்கள். அட்டை கொடுத்ததே நம் அமைச்சகம்தான். அவர்களில் ஒருவர் நான் நடுங்குவதைப் பார்த்துத் தன் கம்பளிக் கோட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டார். பழக நல்ல மனிதர்.

அன்புடன்
தம்பி

மே 9

அருமைத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கோட்டு போட்ட படம் ஒன்று அனுப்பு, எங்கள் தம்பி எவ்வளவு விலைக்குப் போயிருக்கிறான் என்று பார்க்கிறோம். கோபித்துக்கொள்ளாதே. ஆனாலும் அந்தக் கம்பளிக்காரரிடம் கொஞ்சம் தள்ளியே நில். ஆலோசகராம்! நரம்பு புடைக்க நாம் எதிர்க்கிற ஆட்களுக்கு நம் வீட்டுச் சாவியை நாமே கொடுத்து வைத்திருக்கிறோமே, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

நீ எழுதிய அந்த வரியைத் தெருவில் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். அத்தான் வேலைதான். நேற்றுக் கம்பெனியிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு, "எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்கம்மா, உங்க வீட்டுக்காரர் மட்டும்தான் பாக்கி," என்றார். உள்ளே மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்த அத்தான் எட்டிப் பார்த்து, "எல்லாரும்னா யார் யாரு, வரிசையா பேரச் சொல்லுங்க சார்," என்றார். மனிதருக்கு ஒரு பெயர்கூட வரவில்லை. மாத்திரையை அங்கேயே போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

தெருவே உன்னைத்தான் நம்பியிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூன் 2

அன்பு அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். இரண்டு வாரமாக மூச்சுவிட நேரமில்லை. ஒரே நேரத்தில் நாலு அறையில் கூட்டம் நடக்கிறது. பணக்கார நாடுகள் அறைக்குப் பத்துப் பேரை உட்கார வைக்கின்றன, நான் மாடிப்படியில் ஏறி இறங்குகிறேன். நான் போக முடியாத அறைகளில் என்ன நடந்தது என்று கம்பளிக்காரர்தான் குறிப்பெடுத்துக் கொடுக்கிறார். அவர் இல்லாவிட்டால் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான். நீ நினைப்பது போல அவர் அந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. குடும்பத்தைப் பற்றித்தான் கேட்பார். நேற்றுக்கூட, "உங்க அக்கா கடை ஷட்டர் பாதியிலேயே நின்னுக்குமே, சரி பண்ணிட்டாங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருப்பேன் போல.

வரி இன்னும் உயிரோடு இருக்கிறது. அத்தானிடம் சொல்.

தம்பி

ஜூன் 15

தம்பிக்கு,

சுகம்தான். உடனே எழுதுகிறேன்.

ஷட்டர் பாதியில் நிற்க ஆரம்பித்தது போன மாதம். நீ ஊரைவிட்டுப் போய் எத்தனையோ நாள் ஆகிறது. நான் உனக்கு எழுதவும் இல்லை. அப்படியிருக்க அவருக்கு எப்படித் தெரியும்? உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் வாசலைப் பார்த்தேன். கடைவாசலில் தினமும் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது, யாரோ யாருக்கோ காத்திருக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அந்தக் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

அக்கா

ஜூலை 28

அன்பு அக்காவுக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கடைப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, அத்தான் போன் அணைந்தே கிடக்கிறது. அவருக்கு என்ன, புதுப் போன் வாங்கிவிட்டாரா? சங்கம் எப்படி நடக்கிறது?

கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். "அக்கா சொன்னாங்களா?" என்று கேட்டார்.

ஒரு வரியாவது எழுது.

தம்பி

ஆகஸ்ட் 30

அருமைத் தம்பிக்கு,

நான் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடையில் வேலைக்கிருந்த பெண் நின்றுவிட்டாள், நானே திறந்து நானே மூடுகிறேன். ஷட்டரைச் சரி செய்துவிட்டேன். ஃபியூஸ் போனால் நானே போட்டுக்கொள்கிறேன், பார்த்துப் பார்த்துப் பழகியதுதானே. சமையலும் இப்போது கொஞ்சமாகத்தான், ஒரு வேளை வைத்தால் மறுநாள்வரை வருகிறது. இங்கே மழை இல்லை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

போனில் கூப்பிடாதே. லைனில் யாரோ மூச்சுவிடுகிற மாதிரி இருக்கிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்த வரி வருகிற நேரத்தில் நீ உன் நாற்காலியில் இருக்கவேண்டும். யார் கூப்பிட்டாலும், எதற்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே. எங்களைப் பற்றிக் கவலைப்படாமல் உன் வேலையைப் பார்.

அக்கா

அக்டோபர் 14

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அத்தானைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லை. நானும் இப்போது கேட்கவில்லை.

இங்கே உட்கார்ந்து என்னென்னவோ யோசிக்கிறேன். வீடு என்றால் நாலு சுவர்தானே அக்கா? சுவரை எங்கே வேண்டுமானாலும் எழுப்பலாம். மருந்துக்கடையை எந்த ஊரிலும் வைக்கலாம். மனிதர்கள் பத்திரமாக இருந்தால் போதாதா? சும்மா கேட்கிறேன். கேட்கத் தோன்றியது.

நீ தைரியமாக இரு. எல்லாம் நல்லபடியாக முடியும். முடியவைக்கலாம்.

தம்பி

டிசம்பர் 2

என் கண்ணான தம்பிக்கு,

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார்!

உனக்கு ஒன்றும் புரியாது. சொல்கிறேன். இத்தனை நாள் உன்னிடம் மறைத்ததற்கு என்னைத் திட்டிக்கொள், ஆசை தீரத் திட்டு. ஜூலை முதல் வாரத்தில் அவரைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. கம்பெனியின் குழாயை உடைத்தார் என்று வழக்கு. அவர் உடைத்தது எங்கள் வீட்டு டீ கிளாஸ்கள் மட்டும்தான்! எந்த ஜெயில் என்றுகூட முதலில் சொல்லவில்லை. வக்கீல் ஜாமீன் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். ஆகஸ்டில் அந்த நல்ல சட்டைக்காரர் மறுபடி கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "தம்பிக்கு ஒரு லெட்டர் போடுங்கம்மா. இந்த மாதிரி ஆயிடுச்சு, கொஞ்சம் அனுசரிச்சுப் போடான்னு எழுதுங்க. மத்ததெல்லாம் தானா நடக்கும்," என்றார். நான் அவர் எதிரிலேயே பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

எழுதினால் நீ ஆடிப்போவாய் என்று எனக்குத் தெரியும். நீ இளகின மனசுக்காரன். அதனால்தான் உன் கடிதங்களுக்குப் பதில் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மனுப் போட்டுப் பார்க்க விட்ட ஒரே தடவை அத்தானும் அதையேதான் சொன்னார்: "அவனுக்குச் சொல்லிடாத. நான் இருந்துக்குவேன்." ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறேன் தம்பி, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வரி எழுதவில்லை பார்! வீடு நாலு சுவர்தானே என்று நீ எழுதியபோது, பிள்ளைக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

கடைசியில் அவர்களாகவே விட்டுவிட்டார்கள். வழக்கே இல்லையாம்! மெலிந்து, தாடியோடு தெருமுனையில் இறங்கினார். தெருக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாம் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். மறுநாள் பேப்பரில் அந்த வரி இல்லாமலேயே உடன்பாடு முடிந்தது என்று போட்டிருக்கிறார்கள். ஒரு நாடு நிமிர்த்தினாலே சுத்தியல் விழாது என்றாயே, பிறகு எப்படி? நீ பலகையை நிமிர்த்தியபோது என்ன சொன்னார்கள்? விவரமாக எழுது. அத்தான் வாசலிலேயே காத்திருக்கிறார்.

அன்பு முத்தங்களுடன்
அக்கா

டிசம்பர் 16

அக்கா,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அத்தானின் உடம்பைத் தேற்று. எனக்கு ஒன்றுமில்லை.

நான் பலகையை நிமிர்த்தவில்லை.

அத்தான் உள்ளே இருப்பது ஆகஸ்டிலேயே எனக்குத் தெரியும். கம்பளிக்காரர் தன் போனில் ஒரு படம் காட்டினார். கம்பிக்குப் பின்னால், கண்ணாடி இல்லாமல், யாரோ கிழவர் மாதிரி. அத்தான் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு நேரம் பிடித்தது. நீ மறைக்கிறாய் என்பதும் தெரியும். எழுத முடியாத அளவுக்கு உடைந்துபோயிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதே என்று நீ எழுதியதைக்கூட வாய்வார்த்தைக்கு எழுதியது என்றே நினைத்தேன். நான் உறுதியாக நிற்கத்தான் நீ மறைக்கிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. சத்தியமாகத் தோன்றவில்லை.

கூட்டத்தின் கடைசி நாள், நம் பத்தி வருவதற்குச் சற்று முன்னால், அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தார். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். ஆமான்னும் சொல்ல வேண்டாம், இல்லைன்னும் சொல்ல வேண்டாம். என்கூட வந்து ஒரு டீ குடிங்க, போதும்," என்றார். எழுந்தேன். தாழ்வாரத்தில் நின்று குடித்தேன். அங்கே சுவரில் ஒரு டிவி, உள்ளே நடப்பதை அதில் காட்டுவார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு நம் பத்தியைச் சொல்லித் தலைவர் கேட்டார். மண்டபத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். என் நாற்காலி காலியாக இருந்தது. பலகை படுத்திருந்தது. மற்ற சின்ன நாடுகளின் ஆட்கள் என் இடத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் எல்லோர் சார்பிலும் நிமிர்த்துவது என் பொறுப்பு என்று காலையில்தான் பேசி வைத்திருந்தோம். அவர்கள் சுதாரிப்பதற்குள் சுத்தியல் விழுந்துவிட்டது. கம்பளிக்காரர் அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டு, "விட்டுடுங்க," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டும் என்னையே இங்கே அனுப்பவேண்டும் என்று அவர் அமைச்சகத்துக்குச் சிபாரிசு செய்திருக்கிறாராம். வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தம்பி

ஜனவரி 5

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க இந்த முறை எனக்குக் கை வரவில்லை.

உன் கடிதத்தைப் பிரித்தபோது அத்தான் எதிரில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டார்கள், புதிதாக இன்னும் போடவில்லை. அதனால் எதுவானாலும் நான்தான் படித்துக் காட்டவேண்டும். "சத்தமா படி," என்றார். "எனக்கு ஒன்றுமில்லை" வரைக்கும் படித்தேன். அதற்கு அடுத்த வரியைப் பார்த்தேன். மடித்துவிட்டேன். "அவ்வளவுதான் எழுதியிருக்கான், வேலையாம்," என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

இயந்திரங்கள் வந்துவிட்டன. தெருமுனையில் இரண்டு வீடுகள் போய்விட்டன. அத்தான் இன்னும் சங்கத்தைக் கூட்டுகிறார். "எம் மச்சான் அத்தனை நாட்டுக்கு நடுவுல தனியா நின்னான்யா, நாம இங்க நிக்க மாட்டோமா?" என்கிறார். ஜனங்கள் கை தட்டுகிறார்கள். நான் கடைக்குள் போய் மருந்துப் பெட்டிகளை அடுக்குகிறேன்.

ராத்திரி பக்கத்தில் அவர் மூச்சுவிடுவது கேட்கிறது. இந்த மூச்சு எனக்கு வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரமோ, அதைவிட அதிகமாக என்மேல் ஆத்திரம்.

அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் நேராகப் போய் ஜெயில் வாசலில் உட்கார்ந்து, என்னை உள்ளே எடு என்பார், எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அவர் பெயருக்கு ஒரு கடிதம் எழுது. நீ எப்படி நிமிர்த்தினாய், எப்படிப் பேசினாய் என்று எழுது. ஒரு நாடு எதிர்த்தாலே போதும் என்று நீ சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதற்கும் ஒரு பதில் யோசித்து எழுது. தெருவில் எல்லோரையும் கூட்டி வைத்து என்னைப் படிக்கச் சொல்வார். படிக்கிறேன்.

எனக்கு இனி எழுதவேண்டாம்.

அக்கா

ஜனவரி 20

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தானுக்கு,

வணக்கம். நான் இங்கே சுகம். நீங்கள் வீடு வந்து சேர்ந்த சேதி கேட்டு எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடம்பு தேறிவருகிறதா? வேளைக்கு மருந்து சாப்பிடுங்கள்.

அன்று நடந்ததை விவரமாகக் கேட்டிருந்தீர்களாம். சொல்கிறேன். காலையிலிருந்தே நான் நாற்காலியைவிட்டு அசையவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு நம் பத்தி வந்தது. தலைவர், "யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்டார். நான் நம் நாட்டுப் பலகையை இரண்டு கையாலும் எடுத்து நிமிர்த்தி வைத்தேன். பக்கத்து நாட்டு அம்மா என் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். மைக்கைப் போட்டு, "எங்கள் நாட்டில் ஒரு தெரு இருக்கிறது," என்று ஆரம்பித்தேன். கதவுகளில் மஞ்சள் பெயிண்டில் எண் போட்டிருப்பதைச் சொன்னேன். மருந்துக்கடையில் என்ன விற்கிறது என்று சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன், அத்தான். என் குரல் மண்டபத்துக்குள் கேட்கவில்லை. மைக்கை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

ஒரு நாடு எதிர்த்தால் போதும் என்று நான் முன்பு எழுதியது உண்மைதான். ஆனால் தலைவர் மறுபக்கமாகவே முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது, பலகையை நிமிர்த்திப் பிடித்தபடியே நின்றேன். சுத்தியல் விழுந்த பிறகும் நான் அதைக் கீழே வைக்கவில்லை. அவர்கள்தான் பார்க்கவில்லை அத்தான்.

தெருவில் எல்லோரையும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் இதே நாற்காலிக்கு என்னையே அனுப்புகிறார்கள்.

இதைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும் அக்காவுக்குத் தொண்டை வறண்டிருக்கும். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

என்றும் உங்கள்
மச்சான்